வீட்டுக் காற்றாடி: கம்பம் நடும் முன் காற்றை அளந்து பாருங்கள்



பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் பக்கம் போனால், எந்தத் திசையில் திரும்பினாலும் காற்றாலைகள் நிற்பதைப் பார்க்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் அவை இரவு பகலாகச் சுற்றுகின்றன. அதைத் தினமும் பார்க்கிற விவசாயிக்கு ஓர் எண்ணம் வருவது இயற்கைதான். "ஏனுங்க, அவ்வளவு பெரிசு நமக்கு வேண்டாமுங்க. சாளைக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு நட்டுட்டா, வீட்டுக்கு வேண்டிய கரண்ட்டு கிடைச்சிடாதுங்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பல பேர்.

கிடைக்கும். ஆனால் எல்லாத் தோட்டத்திலும் கிடைக்காது. எல்லா மாதமும் கிடைக்காது. எங்கே கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதில் பயன் இல்லை. கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்க்கிறோம். விதைக்கும் முன் மண் பரிசோதனை செய்கிறோம். அதைப்போலவே கம்பம் நடும் முன் காற்றை அளந்து பார்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, காற்றாடி நட்ட பிறகு அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதை இன்றைக்குச் சொல்லுகிறேன்.

காற்று வரும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மேற்கே ஒரு மதில் சுவர்போல நிற்கிறது. அந்தச் சுவரில் உள்ள பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மலையில் முட்டும்போது, மழையை மேற்கே கொட்டிவிட்டு, இந்த வாசல் வழியாகப் பிதுங்கிக்கொண்டு நம் சீமைக்குள் நுழைகிறது. அகலமான வாய்க்கால் தண்ணீரைக் குறுகலான மடையில் விட்டால் வேகம் பிடிக்கும் அல்லவா? அதே கதைதான் இங்கும். அதனால்தான் பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்று வலுவாக இருக்கிறது.

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆனி, ஆடி, ஆவணி முழுக்க அடித்து, புரட்டாசியில் இந்தக் காற்று தளர்ந்துவிடும். நம் மாநிலத்துக் காற்றாலைகள் ஓர் ஆண்டில் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. மாசி, பங்குனியில் அதே காற்றாலைகளைப் போய்ப் பாருங்கள். பல நாள் சும்மா நிற்கும். வீட்டில் விளக்கு எரிவதோ பன்னிரண்டு மாதமும். ஆடிக் காற்றை மட்டும் பார்த்துவிட்டு இயந்திரம் வாங்குகிறவர், ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டு வருஷம் முழுதும் நெல் போட நினைப்பவரைப் போன்றவர்.

வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்று

காற்றாடி விஷயத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதில் உள்ள சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இறக்கை சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 2 மீட்டர், அதாவது ஆறரை அடி, உள்ள ஒரு காற்றாடியை எடுத்துக்கொள்வோம். காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசினால், அந்த வட்டத்தின் வழியாகப் போகும் காற்றில் உள்ள சக்தியே 50 வாட்தான். அதில் இயந்திரம் பிடித்துக் கொடுப்பது 10 வாட் வந்தால் பெரிது. நொடிக்கு 5 மீட்டர் என்றால் 60 வாட் அளவுக்குக் கிடைக்கும். நொடிக்கு 10 மீட்டர் என்றால் 500 வாட் கிடைக்கும். இந்த இயந்திரத்தைத்தான் கடைக்காரர் '1 கிலோவாட்' என்று எழுதி விற்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 1 கிலோவாட் வருவதற்கு நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று அடிக்க வேண்டும். கையில் குடை பிடித்து நடக்கச் சிரமப்படுகிற காற்று அது. வருஷத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் களத்தில் அப்படி அடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. காற்றில் உள்ள சக்தி முழுவதையும் எந்த இயந்திரமும் பிடிக்க முடியாது. பிடித்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுபோகும். புதுக் காற்று வர வழியிருக்காது. நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மனி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ஆம் ஆண்டு வாக்கிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வீட்டுக் காற்றாடிகள் நடைமுறையில் எடுப்பது 20 முதல் 30 பங்குதான். எங்கள் இயந்திரம் 80 பங்கு எடுக்கும் என்று யாராவது சொன்னால், அவரை மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

தென்னைக்கு மேலே தலை நீட்ட வேண்டும்

மரமும் கட்டடமும் காற்றைத் தடுப்பதோடு நிற்பதில்லை, கலைத்தும் விடுகின்றன. ஆற்றில் ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவதுபோல, ஒரு மரத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப்போல இருபது மடங்கு தூரம் வரை காற்று சுழன்றுகொண்டிருக்கும். சுழல் காற்றில் மாட்டிய காற்றாடி மின்சாரமும் கொடுக்காது. இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பித் தாங்கு உருளைகளும் இறக்கையும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

ஆகவே சுற்றிலும் 500 அடி தூரத்துக்குள் இருக்கும் எந்த மரத்தைவிடவும், கட்டடத்தைவிடவும் இறக்கையின் கீழ்நுனி 30 அடியாவது உயரே இருக்க வேண்டும் என்பது விதி. 60 அடி நெட்டைத் தென்னை நிற்கிற தோப்பு என்றால் கம்பம் 90 அடிக்கு மேல் போக வேண்டும். அந்தக் கம்பத்துக்கும், இழுப்புக் கம்பிக்கும், அடித்தளக் காங்கிரீட்டுக்கும் ஆகும் செலவு இயந்திரத்தின் விலையையே தாண்டிவிடும். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை.

காங்கேயம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகள் வேறு மாதிரி. கொழுக்கட்டைப் புல், இடுப்பளவுக்குக் கிளுவை வேலி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். காற்றுக்குத் தடை இல்லை. இத்தகைய வெட்டவெளியில் 10 மீட்டர் உயரத்திலிருந்து 20 மீட்டருக்குப் போனால், காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். மேலே சொன்ன கணக்குப்படி சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். பெரிய இயந்திரம் வாங்குவதைவிட உயரமான கம்பம் போடுவது பல இடங்களில் இலாபம்.

"மொட்டை மாடியிலேயே மாட்டிடலாமுங்களே, கம்பச் செலவு மிச்சம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கூரையை ஒட்டித்தான் காற்று அதிகம் கலைகிறது. அதோடு இயந்திரத்தின் அதிர்வு தூண் வழியாகச் சுவருக்குள் இறங்கும். இரவில் வீடு முழுக்க ஒரு முனகல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நாள்பட்டால் சுவரில் விரிசலும் விடலாம்.

அளப்பது எப்படி?

களத்தில் தூற்றுவதற்குக் காற்றுக்குக் காத்திருந்து பழகியவர்கள் நாம். எந்த நேரத்தில் எந்தத் திசையில் காற்று எழும் என்று பெரியவர்களுக்கு மனப்பாடம். ஆனால் தூற்றுவதற்குப் போதுமான காற்று, காற்றாடிக்கு ஆரம்பக் காற்றுதான். ஆகவே கண்ணளவை எண்ணளவாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1805-ல் பியூபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, கண்ணால் பார்த்தே காற்றைத் தரம் பிரிக்க ஓர் அளவுமுறை வகுத்தார். பின்னால் அதைத் தரைக்கும் பொருத்தினார்கள். புகை நேராக மேலே போனால் காற்று இல்லை. முகத்தில் காற்றுப் பட்டு, இலை சலசலத்தால் நொடிக்கு 2 அல்லது 3 மீட்டர். இலையும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் 4 அல்லது 5 மீட்டர். புழுதியும் காகிதமும் கிளம்பி, சிறு கிளைகள் ஆடினால் 6 அல்லது 7 மீட்டர். சிறு மரங்கள் முழுசாகவே ஆடினால் 8 முதல் 10 மீட்டர்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலை, மதியம், இரவு படுக்கப் போகும் முன் என்று மூன்று வேளை இதைக் குறித்து வாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். ஆனியில் தொடங்கி மாசி வரைக்கும் எழுதினால் நல்ல மாதமும் கெட்ட மாதமும் இரண்டும் தெரிந்துவிடும். பெரும்பாலான நாள் 'இலை சலசலத்தது' என்று மட்டுமே எழுதியிருந்தால், அந்த இடத்தில் காற்றாடி வேண்டாம். அதோடு விட்டுவிடலாம்.

நோட்டுப் புத்தகம் நம்பிக்கை கொடுத்தால் அடுத்த படி, காற்றுமானி. கிண்ணங்கள் சுற்றி வேகத்தைக் காட்டும் கருவி இது. தானாகவே பதிவு செய்துகொள்ளும் வகையும் கிடைக்கிறது. ஒரு குழாயில் கட்டி, காற்றாடி நிற்கப்போகிற அதே இடத்தில், முடிந்தவரை அதே உயரத்தில் நிறுத்திவைத்து, ஒரு வருஷம் அளக்க வேண்டும். ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறது. உங்கள் வட்டாரத்துக் கணக்கையும் கேட்டுப் பார்த்து ஒப்பிடலாம். ஆனால் அங்கே அளக்கிற உயரமும் இடமும் வேறு என்பதை மறக்கக்கூடாது.

பக்கத்தில் பெரிய காற்றாலை நிற்கிறது என்பது மட்டும் சாட்சி ஆகாது. இப்போது நடுகிற பெரிய காற்றாலைகளின் மையம் 80, 100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உங்கள் கம்பம் 15, 20 மீட்டர். மேலே ஓடுகிற காற்று வேறு, கீழே தவழ்கிற காற்று வேறு.

வீட்டுக் கணக்கு

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். ஒரு சாளையில் 9 வாட் பல்பு ஆறு, மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை விசிறி இரண்டு, ஒரு தொலைக்காட்சி, ஒரு சின்ன குளிர்ப்பெட்டி, மிக்சி. எல்லாம் சேர்ந்து நாளைக்கு 2 அல்லது இரண்டரை யூனிட் ஆகும்.

நாம் உதாரணமாக எடுத்துக்கொண்ட 2 மீட்டர் காற்றாடி, வருஷச் சராசரிக் காற்று நொடிக்கு 5 மீட்டர் உள்ள நல்ல இடத்தில், நாளைக்கு ஏறக்குறைய 2 யூனிட் கொடுக்கும். சராசரி 3 மீட்டர் என்றால் அரை யூனிட்கூடத் தேறாது. இதுவும் வருஷச் சராசரிதான். ஆடியில் 4, 5 யூனிட் வரும். பங்குனியில் ஒன்றுமே வராத நாளும் வரும்.

கிணற்று மோட்டாரைப் பற்றி யாரும் ஆசை வைக்க வேண்டாம். 5 குதிரைத் திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 4 யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும். வீட்டுக் காற்றாடியின் இரண்டு நாள் சம்பாத்தியம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். தண்ணீர் இறைப்பதற்கென்றே இறக்கைகள் நிறைய வைத்த காற்றாடி வகை தனியாக உண்டு. பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் 1960-களில் அத்தகைய ஒரு காற்றாடியை வடிவமைத்தது. அது மேலாகத் தண்ணீர் இருக்கிற இடத்துக்குச் சரி. ஆயிரம் அடி போர் போடுகிற நம் ஊருக்கு எட்டாது.

நாளைக்கு 2 யூனிட் என்றால் வருஷத்துக்கு 700 யூனிட் சொச்சம். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,500 ரூபாய். இயந்திரம், கம்பம், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் போட்டோம் என்று கணக்கு வைத்தால், முதல் திரும்ப 28 வருஷம் ஆகும். அதற்குள் பேட்டரியை ஐந்து தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். நம் மாநிலத்தில் 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் காற்றாடி கொடுக்கப்போவதே 120 யூனிட்தான். ஆகவே கம்பி வந்துசேர்ந்த வீட்டில், கரண்ட்டு பில்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று காற்றாடி நடுவது நஷ்டக் கணக்கு.

பெரிய காற்றாலை ஊரெல்லாம் நிற்க, வீட்டுக் காற்றாடி ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவில் 1920, 30-களில் லட்சக்கணக்கான பண்ணை வீடுகளுக்கு மின்கம்பி போகவில்லை. ஜேக்கப்ஸ், வின்சார்ஜர் என்ற பெயர்களில் விற்ற சிறு காற்றாடிகளை வாங்கி வைத்து, அவர்கள் விளக்கெரித்தார்கள். வானொலிப் பெட்டியின் பேட்டரிக்கு மின்னேற்றினார்கள். 1936-ல் கிராம மின்மயச் சட்டம் வந்து, கம்பி ஊர் ஊராகப் போகப் போக, அந்தக் காற்றாடிகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. நமக்கோ பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லேயே வந்தது. கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் உட்கார்ந்தது. 1990-லிருந்து பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமும் கிடைத்தது. கம்பி முந்திக்கொண்ட இடத்தில் வீட்டுக் காற்றாடிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அப்படியானால் யாருக்கு உதவும்?

கம்பி போகாத இடத்துக்கு உதவும். மலையடிவாரத்துத் தோட்டம், ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் பட்டி, இணைப்பு வாங்க வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து கம்பம் நட வேண்டிய சாளை, இவற்றுக்கு உதவும். அங்கேயும் காற்றாடியைத் தனியாக வைக்கக்கூடாது. சூரியத் தகட்டோடு ஜோடி சேர்க்க வேண்டும். ஆடியில் மேகம் மூடி வெயில் குறையும்போது காற்று கொடுக்கும். அதுவும் இரவிலும் கொடுக்கும். மாசி, பங்குனியில் காற்று படுத்துவிடும்போது வெயில் கொளுத்தும். ஒன்று ஓய்கிற காலத்தில் மற்றொன்று கைகொடுப்பதால் பேட்டரியைச் சிறியதாக வைக்கலாம்.

கம்பி இருக்கிற வீட்டுக்காரர் முதலில் சூரியத் தகட்டைப் பார்ப்பதே உத்தமம். 1 கிலோவாட் தகடு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் கொடுக்கும். சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. தூசி துடைத்தால் போதும். மத்திய அரசு 2024-ல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள். அந்தத் திட்டம் கூரைச் சூரியத் தகட்டுக்கு உரியது, காற்றாடிக்கு இல்லை.

நட்ட பிறகு கூடக் குடியிருப்பது

எல்லாக் கணக்கும் சரியாக வந்து, காற்றாடி நட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது பம்புசெட்டைப்போல சுவிட்சு போட்டால் ஓடுகிற பொருள் அல்ல. கறவை மாட்டைப்போல அதற்கு ஒரு முறை உண்டு.

முதலாவது, கம்பம் சாய்க்கக்கூடிய வகையாக இருக்கட்டும். அடியில் கீல் வைத்து, கைவின்ச்சால் இறக்கி ஏற்றும் வகை. ஆள் மேலே ஏறிப் பழுது பார்க்கும் கம்பம் நமக்கு வேண்டாம். இறக்கும்போது அடியில் ஒருவரும் நிற்கக்கூடாது. கம்பம் விழுந்தால் எட்டும் தூரத்துக்குள் வீடு, தொழுவம், மின்வாரியக் கம்பி எதுவும் இருக்கக்கூடாது.

இரண்டாவது, வருஷத்துக்கு ஒருமுறை சித்திரையில், காற்று எழும்பும் முன் கம்பத்தை இறக்குங்கள். இறக்கையின் முனை புழுதி பட்டு அரித்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, தாங்கு உருளை கரகரக்கிறதா, வால் தடையின்றி மடங்குகிறதா என்று பாருங்கள். காற்று மிஞ்சும்போது அந்த வால் மடங்கித்தான் இறக்கையைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பிக் காப்பாற்றுகிறது. அது துருப்பிடித்து இறுகிப்போனால் முதல் ஆடிக் காற்றிலேயே இறக்கை பறந்துவிடும். நட்ட முதல் மாதம் முடிந்ததும் நட்டு போல்ட்டுகளையும் இழுப்புக் கம்பிகளையும் ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். இழுப்புக் கம்பியில் கலர்த் துணி கட்டி வையுங்கள். கன்றுக்குட்டியும் மயிலும் குழந்தைகளும் முட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

மூன்றாவது, சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாடியின் ஒயரைப் பேட்டரியிலிருந்து ஒருபோதும் கழற்றக்கூடாது. பாரம் இல்லாமல் போனதும் அது கட்டுமீறிச் சுற்றும்; மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும். நிறுத்துவதற்கென்று உள்ள சுவிட்சைப் போட்டு, நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தாலும், வீடு பூட்டி ஊருக்குப் போனாலும், காற்று பலப்படுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, பேட்டரி நிறைந்த பிறகு வருகிற மின்சாரத்தைச் சூடாக மாற்றித் தள்ளுவதற்குக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். அது நன்றாகக் காயும். அதன் அருகில் வைக்கோல், சோளத்தட்டு, சாக்கு எதுவும் இருக்கக்கூடாது. பேட்டரி அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். மின்னேறும்போது எரியக்கூடிய வாயு வருவதால், அங்கே பீடி, விளக்கு ஆகாது. வடிநீர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். பேட்டரியில் பாதிக்கு மேல் எப்போதும் காலி செய்யாதீர்கள். அப்படி வைத்திருந்தால் நாலைந்து வருஷம் உழைக்கும்.

ஐந்தாவது, கம்பத்துக்கு நல்ல நிலக்கம்பி போடுங்கள். வெட்டவெளியில் உயரமாக நிற்பது அது ஒன்றுதான். கோடை இடி அதைத்தான் தேடி வரும்.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. வீட்டில் மின்வாரிய இணைப்பும் இருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று சேராதபடி மாற்றுச் சுவிட்சு கட்டாயம் வேண்டும். மின்தடை நேரத்தில் உங்கள் இன்வெர்ட்டரிலிருந்து கரண்ட்டு வெளிக் கம்பிக்குப் போனால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் போய்விடும். லைசென்சு உள்ள மின்பணியாளரை வைத்தே வேலை செய்யுங்கள். மின்வாரிய அலுவலகத்திலும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் 'எத்தனை வாட்?' என்று கேட்காதீர்கள். 'வட்டத்தின் குறுக்களவு எத்தனை? சராசரிக் காற்று நொடிக்கு 4 மீட்டர் என்றால் மாதம் எத்தனை யூனிட்?' என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று வருஷமாக ஓடுகிற இயந்திரம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, பங்குனியில் போய்ப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் விசாரியுங்கள். ஆடியில் காட்டினால் எல்லாக் காற்றாடியும் நன்றாகத்தான் சுற்றும். உதிரிப் பாகம் எந்த ஊரில் கிடைக்கும், பழுது என்றால் யார் வருவார் என்பதையும் கேளுங்கள். சென்னையில் 1998-ல் தொடங்கப்பட்ட தேசிய காற்றாற்றல் நிறுவனத்துக்குச் சிறு காற்றாடிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையும் உண்டு. சோதனையில் தேறிய இயந்திரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஓடந்துறை காட்டிய வழி

காற்றை நம்பிப் பணம் போட விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாகவே நிறுவியது. சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் எடுத்த முயற்சி அது. 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்துப் போட்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் காற்றாலையை அவர்கள் ஓடந்துறையில் நடவில்லை. காற்று நன்றாக உள்ள உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நட்டார்கள். மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் விட்டு, ஊராட்சியின் செலவுக்கு ஈடு செய்துகொண்டு, மிச்சத்தை விற்றார்கள்.

ஓர் ஊராட்சியே தன் எல்லைக்குள் நட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், காற்று இருக்கிற இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. சொந்தக் களத்தில்தான் சுற்ற வேண்டும் என்று நாம் ஒருவரும் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் காற்று இருந்தால், கம்பி இல்லாத சாளைக்கு அது நல்ல துணை. இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சொட்டுநீருக்கோ, சூரியத் தகட்டுக்கோ, ஒரு நல்ல கறவை மாட்டுக்கோ போடுங்கள்.

வருகிற வைகாசிக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த சித்திரை வருவதற்குள் உங்கள் கேள்விக்கு உங்கள் தோட்டமே பதில் சொல்லிவிடும்.